வலிக்குற பல்லை எப்போ எடுக்கணும், எப்போ காப்பாத்தணும்?

ராத்திரி ரெண்டு மணிக்கு கடவாய்ப் பல் விண் விண்ணுன்னு தெறிக்கும்போது யாருக்கா இருந்தாலும் முதல்ல தோணுறது "இதைப் புடுங்கிப் போட்டாத்தான் நிம்மதி"ன்றதுதான். காலையில போனா ஒரு டாக்டர் ரூட் கெனால் (பல்லுக்குள்ள கெட்டுப்போன சதையை எடுத்து, சுத்தம் பண்ணி அடைக்கறது) பண்ணலாம்ன்றார், இன்னொருத்தர் எடுத்துடலாம்ன்றார், வீட்டுல இருக்கறவங்க ரெண்டு நாள் மாத்திரை போட்டுப் பாருன்றாங்க, அதுக்குள்ள நாலாவது நாள் வலி தானாவே நின்னுடுது, இனிமே எதுக்குப் போகணும்னு விட்டுடறோம்.

இந்தக் குழப்பம் எல்லாத்துக்கும் அடியில ஒரு தப்பான கணக்கு இருக்கு. வலி எவ்வளவு பெருசோ அந்த அளவுக்கு பல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கறோம். உயிர் போற வலி கொடுக்குற பல்லை முழுசா காப்பாத்திட முடியும், ஒரு வலியும் இல்லாத பல் எடுத்தே ஆகவேண்டிய நிலைமையில இருக்கும். உடனே டாக்டர்கிட்ட போன்னு வலி சொல்லும், அதோட அதன் வேலை முடிஞ்சுது. பல் இருக்கணுமா போகணுமான்னு முடிவு பண்றது வேற மூணு விஷயம்: சொத்தையை எல்லாம் சுரண்டி எடுத்தப்புறம் எவ்வளவு நல்ல பல் மிச்சம் இருக்கு, வேர் விரிசல் இல்லாம முழுசா இருக்கா, வேரைப் பிடிச்சிருக்குற எலும்பு எவ்வளவு இருக்கு.

பல்லுக்குள்ள என்ன நடக்குது

பல்லோட வெளி ஓடு எனாமல். உடம்புலயே ரொம்ப கெட்டியான பொருள் அதுதான், அதுல நரம்பு கிடையாது, அதனால சொத்தை எனாமலோட நிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்கு உள்ள டென்டின், கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய் இருக்குற அடுக்கு, சொத்தை இங்க வந்ததும்தான் சில்லுன்னு ஏதாவது பட்டா கூசும். நடுவுல நரம்பும் ரத்தக்குழாயும் இருக்குற மெத்துன்னு ஒரு சதை, அதைப் பல்கூழ்னு சொல்லுவாங்க.

விரல் கதவுல நசுங்கினா வீங்கும், வீங்க அங்க இடம் இருக்கு. பல்கூழுக்கு அந்த இடம் இல்ல. சுத்தியும் கல்லு மாதிரி சுவர், உள்ள வீக்கம் வந்தா அழுத்தம் மட்டும்தான் ஏறும், அந்த அழுத்தம்தான் நரம்பைப் பிழியுது. படுத்தா தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுறதால ராத்திரியில வலி இன்னும் மோசமாகும். தலையணையை உயர்த்தி வெச்சுப் படுத்தா கொஞ்சம் அடங்குறதுக்கு இதுதான் காரணம்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். பல்கூழுக்கு வலியை உணரத் தெரியும், ஆனா எந்த இடம்னு சரியா சொல்லத் தெரியாது. கீழ்ப்பல் சொத்தையா இருக்கும், வலி மேல் தாடையிலயோ காதுலயோ தெரியும். அதனால "டாக்டர், இந்தப் பல்தான், எடுத்துடுங்க"ன்னு விரலை வெச்சுக் காட்டி முடிவு பண்ணவே கூடாது, நல்ல பல் போயிடுற ஆபத்து இருக்கு. சில்லுன்னு ஒண்ணை வெச்சுப் பாக்கறது, மெதுவா தட்டிப் பாக்கறது, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கம்பியை விட்டு ஆழம் அளக்கறது, எக்ஸ்ரே, இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் எந்தப் பல்லுன்றதே உறுதியாகும்.

வலி எப்படி மாறுதுன்னு கவனிச்சா நிலைமை புரியும்

1. சில்லுன்னோ இனிப்பாவோ பட்டா சுருக்குன்னு இழுக்குது, எடுத்ததும் சில நொடியில போயிடுது. கூழ் எரிச்சல்ல இருக்கு, இன்னும் தேறி வரும். சொத்தையைச் சுரண்டி அடைச்சாலே போதும், எடுக்குற பேச்சுக்கே இடம் இல்ல.

2. பட்டது போனப்புறமும் வலி நிமிஷக்கணக்கா நிக்குது, ஒண்ணும் படாமயே தானா வருது, தூக்கத்துல எழுப்புது, சூடு பட்டா துடிக்குது, சில பேருக்கு குளிர்ந்த தண்ணியை வாயில வெச்சிருந்தாத்தான் அடங்குது. கூழ் இனி தானா சரியாகாது. இங்க சாதாரணமா ரெண்டு வழி, ரூட் கெனால் இல்லன்னா எடுக்கறது. சில பல்லுல கூழோட மேல்பகுதியை மட்டும் எடுத்துட்டு வேர்ல இருக்கறதை உயிரோட விடுற சிகிச்சையும் இப்போ பண்றாங்க.

3. அவ்வளவு வலியும் ஒரு நாள் திடீர்னு நின்னுடுது. ரொம்ப பேர் ஏமாந்து போறது இந்த இடத்துலதான். பல் குணமாகல, உள்ள இருந்த கூழ் செத்துப்போச்சு, வலியைச் சொல்ல நரம்பு இல்ல. கிருமி இப்போ சத்தம் இல்லாம வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கிட்டு இருக்கும்.

4. கொஞ்ச நாளோ மாசமோ கழிச்சு, கடிச்சா வலிக்குது, அந்தப் பல் மட்டும் மத்ததை விட உயரமா நிக்குற மாதிரி இருக்கு, தொட்டாலே உயிர் போகுது. இப்போ எந்தப் பல்லுன்னு விரல் வெச்சுக் காட்ட முடியும், ஏன்னா வேரைச் சுத்தி இருக்குற சவ்வுக்கு இடம் சொல்லத் தெரியும். வேர் நுனியில சீழ் கட்டியிருக்கலாம்.

சில பேருக்கு அந்தச் சீழ் ஈறு வழியா வெளிய வழி பண்ணிக்கும். பல்லுக்கு நேரா ஈறுல பரு மாதிரி சின்னதா ஒரு கொப்பளம், அழுத்தினா உப்புக் கரிக்குற மாதிரி ஏதோ வாயில வரும், அமுங்கும், ஒரு வாரத்துல மறுபடி புடைக்கும். அழுத்தம் வெளிய போயிடறதால வலி இருக்காது, அதனால வருஷக்கணக்கா அப்படியே விட்டுடறவங்க உண்டு. டாக்டர் அந்த ஓட்டை வழியா கட்டா பெர்ச்சான்ற மெல்லிசான ரப்பர் குச்சியை விட்டு எக்ஸ்ரே எடுப்பார், குச்சி நேரா போய் எந்த வேர்கிட்ட நிக்குதோ அந்தப் பல்தான் குற்றவாளி. இப்படிக் கொப்பளம் வந்த பல்லைக்கூட ரூட் கெனால்ல காப்பாத்தலாம், சீழ் வந்தாலே எடுத்துத்தான் ஆகணும்னு எந்த விதியும் இல்ல.

பல்லே காரணமா இல்லாத பல்வலி

மேல் கடவாய்ப் பல் நாலஞ்சு சேர்ந்து மந்தமா வலிக்குது, குனிஞ்சா அதிகமாகுது, சளி பிடிச்சிருக்குன்னா சைனஸா இருக்க வாய்ப்பு அதிகம். முகத்தைத் தொட்டாலோ பல் விளக்கினாலோ கரண்ட் அடிச்ச மாதிரி சில நொடி வெட்டி வெட்டி இழுத்தா முகநரம்பு வலியா இருக்கலாம், அதுக்குப் பல்லை ஒண்ணொண்ணா எடுத்தும் வலி போகாம தவிச்சவங்க நிறைய. தாடை மூட்டு, ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிற பழக்கம் இதுவும் பல்வலி மாதிரியே காட்டும். நடந்தாலோ படி ஏறினாலோ தாடை வலிக்குது, உக்காந்தா போயிடுது, கூடவே நெஞ்சு இறுக்கமோ வேர்வையோ இருக்குன்னா பல் டாக்டர்கிட்ட போகாதீங்க, நேரா அவசர சிகிச்சைக்குப் போங்க, இதயமா இருக்கலாம்.

எடுத்தே ஆகணும்ன்ற நிலைமைகள்

1. கேப், அதாவது பல்லு மேல மாட்டுற உறை, பிடிச்சு நிக்க சுவர் இல்ல. சொத்தையைச் சுத்தமா எடுத்தப்புறம் ஈறுக்கு மேல சுத்தியும் ஒன்றரைல இருந்து 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் மிச்சம் இருக்கணும். உலக்கைக்குப் பூண் போட்டா மரம் பிளக்காம இருக்குதில்லையா, கேப்போட விளிம்பு அந்த மாதிரி பல்லைச் சுத்திப் பிடிக்கணும். பிடிக்க மரமே இல்லன்னா பூண் போட்டு என்ன பண்றது, ரூட் கெனால் எவ்வளவு அழகா பண்ணினாலும் ஒரு நாள் கேப்போட சேர்ந்து பல் ஒடிஞ்சு கையில வரும். கொஞ்சம் குறைவா இருந்தா ஈறையும் எலும்பையும் லேசா இறக்கியோ, கம்பி போட்டு வேரை மேல இழுத்தோ இடம் உண்டாக்க முடியும், அதைக் கேட்டுப் பாருங்க.

2. வேர் நெடுக்க விரிசல். பெரும்பாலும் முன்னாடி ரூட் கெனால் பண்ணின பல்லுல வரும். எக்ஸ்ரேல பல தடவை தெரியவே தெரியாது. மத்த இடத்துல எல்லாம் ஈறு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான், ஒரே ஒரு இடத்துல மட்டும் கம்பி திடீர்னு ஆழமா உள்ள இறங்குதுன்னா சந்தேகம் வலுக்கும். ஒத்தை வேர் பல்லா இருந்தா எடுக்கறதைத் தவிர வழி இல்ல, பல வேர் இருக்குற கடவாய்ப் பல்லுன்னா விரிஞ்ச வேரை மட்டும் எடுக்க முடியுமான்னு பாக்கலாம். மேல்பகுதியில மட்டும் இருக்குற விரிசல் வேற கதை, அதைக் கேப் போட்டுக் காப்பாத்தலாம்.

3. ஈறு நோய்ல எலும்பு கரைஞ்சு போச்சு. பல் முன்னும் பின்னும் ஆடுறதோட இல்லாம, அழுத்தினா கீழ இறங்கி மேல வருதுன்னா பிடிமானம் அநேகமா முடிஞ்சுது. ஆனா சீழ் கட்டி வீங்கியிருக்குற சமயத்துல நல்லா இருக்குற பல்லே ஆடும், அது வடிஞ்சதும் திரும்ப இறுகும், அதனால வீக்கம் இருக்குற அன்னிக்கு ஆட்டத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது.

4. ரூட் கெனால் பண்ணியும் திரும்பத் திரும்ப சீழ். உடனே எடுக்கறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு, மறுபடி திறந்து சுத்தம் பண்றது ஒண்ணு, ஈறு வழியா போய் வேர் நுனியை வெட்டி அடைக்கறது இன்னொண்ணு. ரெண்டும் சரிப்படாதுன்னாத்தான் எடுக்கறது.

5. ஞானப்பல். சாதாரணமா 17ல இருந்து 25 வயசுக்குள்ள முளைக்குற இது பாதி வெளிய வந்து பாதி ஈறுக்குள்ள மாட்டிக்கும், மேல மூடியிருக்குற ஈறுக்கு அடியில சாப்பாடு சிக்கி வீங்கும், வாயைத் திறக்க முடியாது. ஒரு தடவை வந்தா சுத்தம் பண்ணிப் பாக்கலாம், திரும்பத் திரும்ப வந்தாலோ பக்கத்துப் பல்லையும் சொத்தையாக்கினாலோ எடுக்கறதுதான் நியாயம். எதுவும் பண்ணாம அமைதியா இருக்குற ஞானப்பல்லை முன்ஜாக்கிரதைக்குன்னு எடுக்கத் தேவையில்லைன்னு பிரிட்டன்ல சிகிச்சைக்கு வழிகாட்டுற நைஸ் (NICE) அமைப்பு 2000லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு.

இந்தப் பட்டியல்ல வராத ஒரு காரணமும் இருக்கு, அதை யாரும் வெளிப்படையா பேசறதில்ல. ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் பணமும் பல தடவை வந்து போற நேரமும் வேணும். அது முடியலன்னா எடுத்துக்கறது தப்பே இல்ல, அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. ரொம்பத் தப்பு எதுன்னா ரெண்டுமே பண்ணாம கிருமியோட அந்தப் பல்லை வாய்க்குள்ள வருஷக்கணக்கா வெச்சிருக்கறது.

காப்பாத்தின பல் எவ்வளவு நாள் நிக்கும்

"ரூட் கெனால் பண்ணினாலும் அப்புறம் எடுக்கத்தான் போறாங்க"ன்ற பேச்சு எல்லா இடத்துலயும் உண்டு. 2004ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு 14 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட் கெனால் பண்ணின பற்களை எடுத்துப் பாத்துது, 8 வருஷம் கழிச்சும் 97 சதவீதம் வாயிலயேதான் இருந்துது. எடுக்க வேண்டி வந்ததுல சுமார் 85 சதவீதம் முழு கேப் போடாத பற்கள். வலி போச்சு, கேப் அப்புறம் பாத்துக்கலாம்னு விடறவங்க தயவுசெஞ்சு இந்த வரியை ரெண்டு தடவை படிங்க, குறிப்பா கடவாய்ப் பல்லுக்கு. இது காப்பீடு மூலமா சிகிச்சை எடுத்தவங்களோட கணக்கு, காப்பாத்தத் தகுந்ததுன்னு முதல்லயே தேர்ந்தெடுத்த பற்கள், அதையும் மனசுல வெச்சுக்கணும்.

மாத்திரை போட்டு தள்ளிப் போடலாமா

ஆன்டிபயாட்டிக் பல்வலிக்கு மருந்து இல்ல. கூழ் வீங்கியிருக்கும்போது அது வலியைக் குறைக்காது, கூழ் செத்தப்புறமோ அங்க ரத்த ஓட்டமே இல்லாததால மருந்து போய்ச் சேர வழியே இல்ல. எதிர்ப்பு சக்தி நல்லா இருக்குற பெரியவங்களுக்கு, பல்லுக்கு உடனே சிகிச்சை கிடைக்குற இடத்துல, பெரும்பாலான பல்கூழ் பிரச்சனைக்கும் வேர் நுனி பிரச்சனைக்கும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம்னு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019ல சொல்லியிருக்கு. காய்ச்சல், பரவுற வீக்கம்னு இருந்தா அப்போ தேவை, அப்பவும் கூடவே பல்லுக்கு சிகிச்சை நடக்கணும்.

டாக்டரைப் பாக்குற வரைக்கும் வலியைத் தாங்க ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் ரெண்டும் சேர்ந்து நல்லா வேலை செய்யும், அட்டையில போட்டிருக்குற அளவைத் தாண்டாதீங்க. வயித்துப்புண், கிட்னி பிரச்சனை, கர்ப்பம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க ஐபுப்ரோஃபெனைக் கேக்காம தொடக்கூடாது. ஆஸ்பிரினை பல்லுக்குப் பக்கத்துல ஈறுல வெச்சா ஈறு வெந்து வெள்ளையா உரியும், வலி ஒண்ணு ரெண்டாகும்.

வீக்கம் இருக்கும்போது எடுக்கலாமா, கண்ணுக்கு ஆபத்தா

வீங்கியிருந்தா எடுக்கக்கூடாது, வீக்கம் வடிஞ்சப்புறம்தான்னு ஒரு நம்பிக்கை ஆழமா இருக்கு. அதுல பாதி உண்மை உண்டு. சீழ் பிடிச்ச இடத்துல அமிலத்தன்மை ஏறிடறதால மரத்துப்போற ஊசி சரியா பிடிக்காது. அதுக்கு டாக்டர்கிட்ட வழி இருக்கு, தள்ளி இருக்குற நரம்போட அடிவாரத்துல போட்டு அந்தப் பக்கத்தையே மரத்துப்போக வைக்கலாம். காரணமான பல்லை சீக்கிரம் எடுத்தா சீழ் வடிய வழி கிடைச்சு வீக்கமும் சீக்கிரம் குறையும், சும்மா காத்திருந்தா பரவுற அபாயம்தான் கூடுது.

மேல் பல்லை எடுத்தா கண் பார்வை போயிடும்ன்ற பயத்துல வருஷக்கணக்கா வலியோட இருக்கறவங்களை நினைச்சா கஷ்டமா இருக்கு. மேல் பல்லுக்கு உணர்வு கொடுக்கறது அஞ்சாவது மூளை நரம்போட ஒரு கிளை. பார்வையைக் கொண்டு போறது ரெண்டாவது மூளை நரம்பு. பல்லை எடுக்கறதால அந்தப் பார்வை நரம்பு அறுந்துடாது. கண்ணுக்கு நிஜமா ஆபத்து வரக்கூடியது எடுக்காம விட்ட மேல் பல்லோட சீழ் கண்குழி வரைக்கும் பரவினாத்தான்.

இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி

1. வீக்கம் தாடைக்கு அடியிலயோ கழுத்துலயோ இறங்குது, இல்ல கண் மூடுற அளவுக்கு மேல ஏறுது.
2. நாக்குக்கு அடியில புடைச்சு நாக்கை மேல தள்ளுது, எச்சில் முழுங்க முடியல, குரல் மாறுது.
3. வாய் திறக்க வரல, கூடவே காய்ச்சல், நடுக்கம்.
4. மூச்சு விட சிரமம்.

ரெண்டாவதா சொன்னதுக்கு லுட்விக் ஆஞ்சைனான்னு பேர், 1836ல ஜெர்மன் டாக்டர் லுட்விக் விவரிச்சது. பெரும்பாலும் கீழ் கடவாய்ப் பல்லோட சீழ்ல இருந்து கிளம்புது, சில மணி நேரத்துல மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது. விடிஞ்சதும் பாக்கலாம்னு காத்திருக்கக்கூடாது.

ஊசி போடறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க அதைத் தானா நிறுத்திடாதீங்க. பெரும்பாலான நேரம் நிறுத்தாமலே எடுக்க முடியும், நிறுத்தினா பக்கவாதமோ மாரடைப்போ வர்ற ஆபத்து பல்லுல கசியுற ரத்தத்தை விடப் பெருசு. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ அலென்ட்ரோனேட், ஜோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் மாதிரி மருந்து போட்டவங்களுக்கு, தாடைக்குக் கதிர்வீச்சு வாங்கினவங்களுக்கு, பல் எடுத்த இடத்துல எலும்பு ஆறாம செத்துப்போற வாய்ப்பு இருக்கு, அவங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் ரூட் கெனால்தான் முதல் வழி. செயற்கை இதய வால்வு இருக்கறவங்களுக்கு முன்னாடியே ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் கொடுப்பாங்க. கர்ப்பிணிகளுக்கு நடு மூணு மாசம் வசதி, ஆனா சீழ் கட்டியிருந்தா எந்த மாசமா இருந்தாலும் தள்ளிப் போடக்கூடாது.

குழந்தைங்க விஷயத்துல

"பால்பல்தானே, விழத்தானே போகுது"ன்னு எடுத்துடறோம். பின்னாடி இருக்குற பால் கடவாய்ப் பல் 10, 12 வயசு வரைக்கும் இருக்க வேண்டியது, கீழ வர்ற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கறது அதுதான். சீக்கிரம் எடுத்தா பக்கத்துப் பல் நகர்ந்து இடம் மூடிடும், எடுத்தே ஆகணும்னா இடத்தைக் காக்க ஒரு கம்பி வளையம் வேணுமான்னு கேளுங்க. இன்னொண்ணு, சுமார் 6 வயசுல எந்தப் பல்லும் விழாமலே வரிசையோட கடைசியில ஒரு கடவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால்பல்னு நினைச்சு கவனிக்காம விட்டு, 9 வயசுலயே அதை இழந்துட்டு நிக்குற குழந்தைங்க எத்தனையோ.

எடுத்தப்புறம்

குழியில உறையுற ரத்தக்கட்டிதான் இயற்கை போடுற கட்டு. பஞ்சை அரை மணி நேரத்துக்குக் குறையாம கடிச்சிருக்கணும், முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறியக் கூடாது, சிகரெட் தொடக்கூடாது. வலி முதல் நாளை விட ரெண்டாவது, மூணாவது நாள் குறையணும். மாறா மூணாவது நாள் திடீர்னு காது வரைக்கும் தெறிச்சு வாயில கெட்ட நாத்தமும் வந்தா அந்தக் கட்டி கரைஞ்சு எலும்பு வெளிய தெரியுதுன்னு அர்த்தம், கீழ் ஞானப்பல் எடுத்தவங்களுக்கும் சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் இது அதிகம். திரும்பப் போனா கழுவி மருந்து வெச்சு விடுவாங்க, சீக்கிரமே அடங்கும்.

பல் போன இடத்துல எலும்பு சும்மா இருக்காது. முதல் வருஷத்துலயே அந்த இடத்தோட அகலம் பாதி அளவுக்குச் சுருங்கும், அதுலயும் பெரும்பகுதி முதல் 3 மாசத்துலயே. பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப்பக்கப் பல் இறங்கி வரலாம். அதனால இம்ப்ளான்ட் (எலும்புல ஸ்க்ரூ மாதிரி பதிச்சு அது மேல பல் கட்டுறது) யோசனை இருந்தா பல்லை எடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும், குழியில எலும்புத்தூள் நிரப்பி சுருக்கத்தைக் குறைக்க முடியும். பணம் குறைவுன்னா கழட்டி மாட்டுற பல், ரெண்டு பக்கமும் ஏற்கனவே கேப் தேவைப்படுற பல் இருந்தா பிரிட்ஜ், அதாவது அந்த ரெண்டு பல்லையும் தாங்கலா வெச்சு நடுவுல கட்டுற பல். ஞானப்பல்லுக்கு மாத்தே வேண்டாம், அதுக்கு முன்னாடி இருக்குற கடைசி கடவாய்ப் பல் மட்டும் போயிருந்து மத்ததெல்லாம் நல்லா இருந்தாலும் பல பேருக்கு அந்த இடத்தைக் காலியா விட்டாலே சாப்பிட ஒரு குறையும் தெரியறதில்ல.